உடையாத தட்டும் ஒரு கிண்ணம் சோறும்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீ எழுதியிருந்ததை நானும் படித்தேன். "சோறாக்கத் தெரியாத பொண்ண என் தலையில கட்டிட்டு எல்லாரும் வேடிக்கை பாக்குறீங்க" என்று எழுதியிருந்தாய். உன் பெரியப்பா வீடு, சித்தி வீடு, குவைத்தில் இருக்கும் மாமா என்று நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குழு அது. ஆறு பேர் அழுகிற முகம் போட்டார்கள். ஒருவர் கும்பிடுகிற கை போட்டார். எதற்குக் கும்பிட்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் எதுவும் போடவில்லை. நாலு பேர் நடுவில் நான் வாய் திறக்காதவள் என்று உனக்குத் தெரியும். கிளை நூலகத்தில் எடுத்துவரும் புத்தகத்தைக்கூட அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்துப் படித்தவள் நான். அப்படிப்பட்டவள் இந்தக் கடிதத்தை ஊர் படிக்கும்படி பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாற்பத்து மூன்று பேர் முன்னால் ஒருத்தியைப் பேசினாய். அதற்கான பதிலை மட்டும் உன் காதோடு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் பெயரைப் போடவில்லை. அந்த அளவுக்கு இரக்கம் மிச்சமிருக்கிறது. உன் மனைவியின் பெயரையும் மாற்றிவிட்டேன். என்ன பெயர் வைக்கலாம் என்று அவளிடமே கேட்டேன். சுகந்தி என்று வைக்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்த, யாருக்கும் பயப்படாத ஒரு பெண்ணின் பெயராம்.

செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தபோது பீங்கான் யூனிட்டில் எங்களுக்குச் சாப்பாட்டு நேரம். "அம்மா, வயிறு எரியுதும்மா, நெஞ்சு வரைக்கும் ஏறுது" என்றாய். ஓசூரில் டாக்டரிடம் காட்டியதையும், வயிற்றில் புண் என்று அவர் சொன்னதையும், பரோட்டா, குருமா, பொரித்தது எதையும் தொடாமல், எண்ணெயும் காரமும் குறைத்து நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னதையும் வரிசையாகச் சொன்னாய். ஐந்து வாரமாக மெஸ்ஸிலும் ரோட்டோரக் கடையிலும்தான் சாப்பாடு என்றாய். பிறகு விஷயத்துக்கு வந்தாய். "நீ கெளம்பி வாம்மா. ரெண்டு மாசம் இருந்து ஆக்கிப் போடு. வரும்போது அவளயும் இழுத்துக்கினு வா. எப்ப வருவான்னாவது கேட்டு சொல்லு." சொல்லும்போதே அழுதாய். இருபத்தைந்து வயது ஆள் போனில் அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் டப்பாவில் இன்னும் இரண்டு வாய் மீதியிருந்தது. நீ அழுது முடிப்பதற்குள் அதைச் சாப்பிட்டு முடித்தேன். உன் அழுகையைக் கேட்டுக்கொண்டே என்னால் சாப்பிட முடியும் என்பது அதுவரை எனக்கே தெரியாது.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் வரமாட்டேன். அவளை இழுத்துக்கொண்டும் வரமாட்டேன். அவள் மாடு அல்ல, எனக்கும் மாடு ஓட்டிப் பழக்கமில்லை. கடைசியாகக் கேட்டாயே, எப்போது வருவாள் என்று, அதை மட்டும் அவளிடம் கேட்டுவிட்டேன். அவள் சொன்னது கடிதத்தின் முடிவில் இருக்கிறது. அதற்காக நடுவில் இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டு நேராக அங்கே போகாதே. தள்ளுவது உனக்குச் சுலபமாக வரும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் உன் வயிறு. ஒரு ஆளுக்கு, ஒரே பாத்திரத்தில், அரை மணிக்குள், புண்ணுக்கு இதமாக ஒரு கிண்ணம் சாப்பாடு செய்வது எப்படி என்று எழுதுகிறேன். உன் சமையலறையில் இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று இருக்கிறது. எங்கே என்று உனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வலது பக்கக் கதவைத் திற, பெரிய குக்கருக்குள் அது உட்கார்ந்திருக்கும். உப்பு, அடுப்புக்கு மேல் இருக்கும் பலகையில், மஞ்சள் மூடி போட்ட டப்பா. சீரகமும் மிளகும் அதை ஒட்டி. பத்து மாதமாக நீ குடியிருக்கிற வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பதை விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு நான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. சுகந்தி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, அங்கே நிற்பதுபோலக் கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தச் சமையலறையில் அவள் எத்தனை நேரம் நின்றிருப்பாள் என்பது அந்தக் கையில் தெரிந்தது.

இந்தப் பத்திரிகை உன் கைக்கு வரும் வாரத்தில் ஒரு பார்சலும் வரும். அதில் ஒரு கிலோ வரகு, அரைக் கிலோ பாசிப்பருப்பு, வறுத்துத் தோல் புடைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் இருக்கும். நீ இப்போது வேர்க்கடலை என்று சொல்லப் பழகிவிட்டாய், அதுதான். வரகு கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தது. கல் பார்த்துவிட்டேன். பாசத்தால் அல்ல, பல் உடைந்தால் அதற்கும் எனக்குத்தான் போன் செய்வாய். அரை டம்ளர் வரகு, கால் டம்ளர் பருப்பு. இரண்டையும் குக்கரில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கையால் அலசிக் கொட்டு. மூன்று முறை அப்படிச் செய். கடைசித் தண்ணீரில் உன் விரல் தெரிய வேண்டும். ஒரு கேரட், நாலு பீன்ஸ், உள்ளங்கை அளவு சுரைக்காய்த் துண்டு. தோலைச் சீவி, சின்னதாக நறுக்கிப் போடு. கையை வெட்டிக்கொள்வாய், பரவாயில்லை, ஆறிவிடும். அரை ஸ்பூன் சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், உப்பு, மூன்று டம்ளர் தண்ணீர். மூடு. மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடு. விசிலைத் தூக்கி ஆவியை விரட்டாதே, தானாக அடங்கட்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் அடுப்பங்கரையிலேயே நில். நின்றுகொண்டே இதைப் படி.

உன் அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஊரில் நல்ல பெயர் அவருக்கு. சூளைக்குள் பீங்கானை அடுக்குவதும் இறக்குவதுமாக நாள் முழுக்க அனலில் நின்றுவிட்டு வருவார். மூட்டு வலி என்பதால் தரையில் உட்கார மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே முக்காலியில் தட்டை வைத்துத்தான் சாப்பாடு. பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை பேச மாட்டார். மோதிர விரலால் தட்டை நான்கு விரற்கடை தள்ளுவார். அவ்வளவுதான். நான் எழுந்துபோய் வேறொன்று செய்வேன். அப்பளம் பொரிப்பேன், உருளைக்கிழங்கை வறுப்பேன், பொட்டுக்கடலை வைத்து ஏதாவது அரைப்பேன். அது வரும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தள்ளிய தட்டில் இருந்ததைப் பிறகு நான் சாப்பிடுவேன், வீணாகக் கூடாது என்று. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் தொடங்கியது. நான்கு வருஷத்துக்கு முன் அவர் போகும்வரை, இருபத்திரண்டு வருஷம், அந்த விரல் எந்தப் பக்கம் அசையும் என்று பார்த்துக்கொண்டு நான் வாசற்படியில் நின்றேன். அதைப் பொறுமை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பயம்தான் அது. அடிக்கிற ஆளிடம் என்ன நடக்கும் என்றாவது தெரிந்திருக்கும்.

உனக்கு ஆறு வயது இருக்கும். அப்போதுதான் நான் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அச்சிலிருந்து எடுத்த கிண்ணங்களின் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை. சூளையில் கோணிப்போன கிண்ணம் ஒன்றை, விற்காது என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நீல விளிம்பு போட்டது. அதில்தான் சாப்பிடுவேன் என்று நீ அடம் பிடித்தாய். உனக்கும் ஒரு முக்காலி போட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன். அன்றைக்குப் பரங்கிக்காய்க் கூட்டு. உன் அப்பா தட்டைத் தள்ளினார். நீ அவர் விரலைப் பார்த்தாய். உனக்குப் பரங்கிக்காய் பிடிக்கும், பாதி சாப்பிட்டிருந்தாய். ஆனாலும் உன் சின்ன மோதிர விரலை நீட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கிண்ணத்தைத் தள்ளினாய். அது விழுந்து உடைந்தது. உன் அப்பா சிரித்தார். "பாத்தியா, அப்பிடியே என்ன மாரி" என்றார். அதோடு நின்றிருந்தால் பழியை அவர்மேல் போட்டுவிட்டுப் போயிருப்பேன். நானும் சிரித்தேன். அவர் அன்றைக்குச் சிரித்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில் சிரித்தேன். நீ எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாய். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. பரிசு வாங்கியவன் முகம்.

மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைவீதிக்குப் போய் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கி, அதில் உன் பெயரை வெட்டிக்கொண்டு வந்தேன். உடையாத தட்டு. உன் வாழ்க்கையில் நான் செய்த தப்பு எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். வீட்டுக்கு வீடு பீங்கான் புழங்குகிற ஊர் இது. கையிலிருந்து விழுந்தால் உடையும், உடைந்தது ஒட்டாது என்பது இங்கே தவழுகிற குழந்தைக்கே தெரிந்துவிடும். உனக்கு மட்டும் அது தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன். அந்தத் தட்டை நீ எத்தனை முறை தள்ளினாய் என்று கணக்கே இல்லை. முக்காலியிலிருந்து விழும், ஒரு சுற்றுச் சுற்றும், அடங்கும். கொஞ்சம் நசுங்கும், அவ்வளவுதான். நான் எடுத்துக் கழுவி வேறு சோறு போடுவேன். பத்தாம் வகுப்பில் கீரையைத் தள்ளினாய். பாலிடெக்னிக்கில் தோசையைத் தள்ளினாய், ஓரம் முறுகவில்லை என்று. அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள், மிளகு ரசத்தைத் தள்ளினாய். அன்றைக்கும் நான் எழுந்துபோய் உருளைக்கிழங்கு வறுத்தேன். துக்க வீட்டில் வறுவல் வாசம் வந்ததற்கு உன் பெரியம்மா என்னைத்தான் பேசினார்.

இப்போது ஆவி அடங்கியிருக்கும். மூடியைத் திற. கரண்டியின் அடிப்பக்கத்தால் இரண்டு அழுத்து அழுத்தினால் வரகும் பருப்பும் குழைந்து ஒன்றாகிவிடும். இறுகியிருந்தால் கொஞ்சம் வெந்நீர் விடு. ஒரு ஸ்பூன் நெய். புண் ஆறும்வரை மிளகும் எலுமிச்சையும் வேண்டாம். மல்லாட்டையை ஒன்றிரண்டாகத் தட்டி மேலே தூவு. பக்கத்தில் புளிக்காத தயிர். ஒரு கிண்ணத்தில் தானியம், பருப்பு, காய், தயிர் எல்லாம் வந்துவிட்டது. தொட்டுக்கொள்ள எதுவும் தேவையில்லை. கழுவ வேண்டியது ஒரு குக்கர், ஒரு கரண்டி, ஒரு கிண்ணம். ஒரு ஆளுக்காக இவ்வளவா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நீ ஓசூருக்குப் போன பிறகும் ஒரு வருஷம் நான் மூன்று பேர் அளவுக்கே ஆக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படிப் பழகிவிட்டது. முந்தாநாள் சோறு, நேற்றுக் குழம்பு என்று டப்பாவில் அடைத்துக்கொண்டு போவேன். யூனிட்டில் என்னோடு பஞ்சுபிடிக்கிற ஸ்டெல்லா, என்னைவிடச் சின்னவள், வாய்க்காரி. ஒரு நாள் என் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "யக்கா, இது யாருக்கு வச்ச சோறு? ஒங்களுக்குன்னு வச்ச மாரி தெரியலயே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்திக்குத் தன் நாக்கு எப்படிப்பட்டது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். எனக்குப் புளி பிடிக்காதாம். இருபத்திரண்டு வருஷம் புளிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன்.

இனி சுகந்திக்கு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நிச்சயம் பேச நாம் பெண்ணாடம் போயிருந்தபோது, அவள் அம்மா என்னைத் தனியாகக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார். "பையன் சாப்பாட்டுல எப்பிடிங்க? எங்க பொண்ணு படிப்பு, ஆஸ்டல்னே இருந்துட்டா. சமையல் சுமாராத்தான் வரும். அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு." அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். சொத்து கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. நான் சொன்னேன்: "எதப் போட்டாலும் வாய மூடிக்கினு சாப்புடும்ங்க எம் புள்ள." கூசாமல் சொன்னேன். இந்த வேலையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. நீ எப்படிப்பட்டவன் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி பொய் சொன்னாள். உனக்குப் பெண் தேடியபோது நான் தேடியது மருமகளை அல்ல, என் இடத்தில் நிற்க ஒரு ஆளை.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவள் எனக்குப் போன் செய்தாள். "அத்தை, எத வச்சாலும் தட்ட தள்றாரு. ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறாரு. என்னதான் பிடிக்கும் அவருக்கு?" குரல் சின்னதாக இருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எண்ணெ மேல மிதக்குற மாரி வையிம்மா. காரம் தூக்கலா இருக்கணும். ரெண்டு வறுவல் வச்சிடு, சரியாயிடுவான்" என்றேன். பாவம், அவள் அதைப் பேப்பரில் எழுதிக்கொண்டாள். ஆறு மாதம் அப்படியே செய்து போட்டாள். உன் வயிற்றுப் புண்ணில் மெஸ்ஸுக்காரன் பங்கு ஐந்து வாரம்தான். மீதி நான் போனில் சொல்லிக்கொடுத்தது. அதனால் உன் வலிக்காக நான் அழ வேண்டியவள். அழுகை வரவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன் நடந்ததை நீ ஒரு மாதிரி சொன்னாய். அவள் வேறு மாதிரி சொன்னாள். அவள் சொன்னதை நான் நம்புகிறேன், ஏனென்றால் அவள் சொன்னதில் எனக்குத் தெரிந்த விரல் இருந்தது. நீ ராத்திரியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, மதியம் ஷிஃப்டுக்குப் போவதற்கு முன் உனக்கு லேசாக ஏதாவது கொடுக்கலாம் என்று அவளாகவே ஒன்று செய்தாள். அன்றைக்கு மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. எண்ணெய் இல்லை, காரம் இல்லை. கல்யாணத்துக்கு நான் யூனிட்டில் சொல்லி வாங்கிக் கொடுத்த ஆறு பீங்கான் கிண்ணங்களில் ஒன்றை எடுத்து, அதில் போட்டு மேசைமேல் வைத்தாள். நீ சொன்னாய்: "நாய்க்கு வக்கிற மாரி கிண்ணத்துல என்னாது இது?" சொல்லிவிட்டு மோதிர விரலால் தள்ளினாய். எவர்சில்வர் தட்டுக்குப் பழகிய விரல். பீங்கான் எவ்வளவு தூரம் போகும் என்று அதற்குத் தெரியாது. கிண்ணம் மேசையைத் தாண்டி, பளிங்குத் தரையில் விழுந்து சிதறியது. அவள் பதறி ஓடிவந்ததில் ஒரு சில்லு குதிகாலில் ஏறியது. நீ கையைக் கழுவிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று ஷிஃப்டுக்குப் போனாய். ரத்தத்தைப் பார்க்கவில்லை என்று என்னிடம் சொன்னாய். பார்த்தாய். அதைத் தாண்டித்தான் செருப்புப் போட்டிருக்கிறாய். வாசற்படி அங்கேதானே இருக்கிறது.

அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று உனக்கு நினைவிருக்காது. நீ வாயில் வைத்துப் பார்க்கவே இல்லையே. அரை டம்ளர் வரகு, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு கேரட், நாலு பீன்ஸ், சுரைக்காய், மேலே மல்லாட்டை. இப்போது உன் குக்கரில் இருக்கிறதே, அதேதான். எழுதியது நான், செய்முறை அவளுடையது. வயிற்றுக்கு ஆகும் என்று டாக்டர் ஐந்து வாரம் கழித்துச் சொன்னதை, சோறாக்கத் தெரியாத பெண் அன்றைக்கே செய்து உன் எதிரில் வைத்தாள்.

மறுநாள் காலையில் அவள் பெண்ணாடத்துக்குப் போனாள். புருஷன் என்றால் நாலு விதமாக இருப்பான், தட்டைத் தள்ளினதுக்கெல்லாமா பொட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று அவள் அப்பா அடுத்த நாளே திருப்பி அனுப்பப் பார்த்தார். ஓசூருக்குப் பஸ் ஏற்றிவிட விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். அவர் தலை மறைந்ததும் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி, காலைத் தாங்கித் தாங்கி நம் வீட்டுக்கு நடந்து வந்தாள். குதிகாலில் கட்டு. கையில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு புடவைக்குள் சுற்றிய ஐந்து கிண்ணங்கள். நகையை ஓசூரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். யூனிட்டுக்கு அன்றைக்கு லீவு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் இலை அறுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் படியில் உட்கார்ந்திருக்கிறாள். "ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேன் அத்தை" என்றாள். இருக்கச் சொன்னேன். சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள். "அவரு சின்ன வயசுலேர்ந்தே இப்பிடித்தானா?"

மூன்றாவது முறை கேட்கப்படுகிற கேள்வி. அவள் அம்மா ஒரு முறை, அவள் போனில் ஒரு முறை, இப்போது கட்டுப் போட்ட காலோடு ஒரு முறை. "ஆமாம்மா. நான்தான் பழக்கினேன்" என்றேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அந்த ஐந்து கிண்ணங்களையும் எடுத்து, கழுவி, நம் அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். இரண்டு நாள் ஐந்து வாரமாகிவிட்டது. லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்துவிட்டுச் சும்மா இருந்தவள், இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் நான் யூனிட்டிலிருந்து வருவதற்குள் அவள் வந்துவிட்டால் அவள் குக்கர் வைக்கிறாள், இல்லாவிட்டால் நான். சாப்பிடும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்காருகிறோம். இதைக் கேட்டு நீ வருத்தப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பார்சலில் வரகுக்கு நடுவில் அந்த ஐந்தில் ஒரு கிண்ணம் புதைத்திருக்கிறேன். பெட்டியில் கட்டும்போது சுகந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு அத்தை, ஒடச்சிடுவாரு" என்றாள். உடைக்கட்டும் என்றேன். ஒன்றுதான் அனுப்புகிறேன். உன் பெயர் வெட்டிய தட்டு அங்கே இருக்கும்; அதைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடு. கிண்ணம் உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பீங்கானோடு இருக்கிறேன், நான் சொல்கிறேன். முதலில் செருப்பைப் போட்டுக்கொள். பெரிய துண்டுகளைக் கையால் எடுத்துப் பழைய பேப்பரில் சுற்று. பிறகு துடைப்பம். கண்ணுக்குத் தெரியாத சில்லு எப்போதும் நாலடி தள்ளித்தான் கிடக்கும். கோதுமை மாவைப் பிசைந்து உருட்டித் தரையில் ஒற்றி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். மண்டிபோட்டுத்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. அதற்குப் பிறகு உனக்கு வேறு கிண்ணம் வராது. வேறு சோறும் வராது. என்னைக் கூப்பிட்டு அழுதால் எடுப்பேன், கேட்பேன், என் சாப்பாட்டை நிறுத்த மாட்டேன்.

கடைசியாக, நீ கேட்கச் சொன்னது. நேற்றுச் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவளிடம் சொன்னேன், "எப்ப வருவேன்னு கேக்குறான்மா" என்று. வயிற்றில் புண் என்பதையும் சொன்னேன், மறைக்கவில்லை. நீ அழுததையும் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருப்பை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். எழுந்துபோய்க் கழுவினாள், கவிழ்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்து, "பக்கத்து வூட்டுல முருங்கக்கீர ஒடிச்சிக்கச் சொன்னாங்க அத்தை. நாளைக்கு நமக்கு அதப் போட்டுக்கலாமா?" என்று கேட்டாள்.

போட்டுக்கலாம் என்றேன்.

அம்மா